ஒரு பெட்டி, ஆறு கிலோ வைக்கோல்: நீலகிரித் தோட்டக்காரர்களுக்கும் காட்டேஜ் உரிமையாளர்களுக்கும் திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்து மலைக்காய்கறி விவசாயிகளுக்கும், காட்டேஜ், விடுதி, எஸ்டேட் பங்களா உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நீர்ப்பனி இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் அவலாஞ்சிப் பக்கத்திலும் விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். உறைபனிக்கு முன் செய்ய வேண்டிய வேலை எதையும் நீங்கள் மறப்பதில்லை. உதகை தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிவந்து பூச்செடிகளை மூடுகிறார்கள். நீங்கள் இளந்தேயிலைக்குத் தழை போடுகிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறீர்கள். அதே தோட்டத்து மூலையில் காட்டுப்பன்றிக்குக் காவலாகக் கட்டிப்போட்ட நாய்க்கு மட்டும் ஒரு சணல் சாக்கு. அந்தச் சாக்கை எடுத்துவிட்டு, வைக்கோல் நிரப்பிய ஒரு மரப்பெட்டி வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

காலை ஆறு மணிக்கு அந்தச் சாக்கைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் அட்டை மாதிரி விறைத்திருக்கும். நாய் படுத்திருந்த நடுப்பாகம் நனைந்து கனக்கும். அடியில் மண் கறுத்து ஈரம் கசியும். பனி மேலிருந்து இறங்கியது பாதி, நாயின் மூச்சும் உடம்புச் சூடும் சாக்கில் ஈரமாகப் படிந்தது பாதி. சணல் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த நாள் மேகமாக இருந்தால் காயவே காயாது. மறுநாள் இரவு நாய் ஈரத்துணி மேல் படுக்கிறது. ஈரம் பட்ட முடிக்குக் குளிரைத் தாங்கும் சக்தி ஏறக்குறையப் போய்விடும். பழைய கம்பளி, ஸ்வெட்டர், மெத்தைத் துண்டு, போர்வை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மனசு இரங்கிப் போர்வை போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். திறந்த வெளியில் அந்தப் போர்வை இரண்டாம் நாளே நாய்க்கு எதிரியாகிவிடுகிறது.

'உதகையில் அப்படி என்ன குளிர்? ஜனவரியில்கூட சராசரியாக ஐந்தாறு டிகிரிதானே' என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் இருக்கிறது. நாய் படுப்பது தரையில். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். புல் மட்டத்துக் குளிர் அந்த நாலடி உயரத்தைவிடப் பல டிகிரி கீழே போகும். வெப்பமானி மூன்று காட்டும் இரவிலேயே புல்லில் பனி உறைவது இதனால்தான். கனத்த குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கேரட் தோட்டங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில், ஓடையோரத்தில் இருக்கின்றன. ஆக, நாயைக் கட்டும் இடமே அந்த ஊரிலேயே குளிரான இடம். மதியம் இருபது டிகிரி வெயிலில் அது நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று போய்விடுகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு அதைப் பார்ப்பவர் யாருமில்லை.

இங்குள்ள நாட்டு நாய்க்கு முடி குட்டை, ஒரே அடுக்கு; உள்முடி மிகக் குறைவு. சமவெளிக்கு ஏற்ற உடம்பு அது. சீசன் முடிந்ததும் விட்டுப்போன லேப்ரடார், பொமேரேனியன் வகைகளுக்கு முடி இரண்டடுக்கு என்றாலும் வாராமல் சிக்குப்பிடித்து நனைந்துவிட்டால் அதுவும் உதவாது.

வேண்டியது மூன்று: தரையிலிருந்து தூக்கிய தளம், நாயின் சூடு வெளியே போகாத சின்ன இடம், ஈரத்தைத் தேக்காத படுக்கை. படுத்திருக்கும் 15 கிலோ நாய் ஏறக்குறைய ஒரு 25 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடும். அதற்கு இருக்கும் ஒரே அடுப்பு அதுதான். பெரிய கூண்டாகக் கட்டினால் அந்தச் சூடு போதாது. பாசத்தில் நாலுக்கு ஆறு அடி ஷெட் கட்டிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அந்த ஷெட்டுக்குள் நாய் வெளியில் இருந்த அளவே நடுங்கும்.

நாங்கள் செய்யும் பெட்டிக்கு 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று போதும், 12 மி.மீ. கனம், தண்ணீர் தாங்கும் ரகம். ஷீட்டை முதலில் நீளவாக்கில் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டையாக அறுங்கள். ஒவ்வொரு பட்டையையும் மூன்றடி, மூன்றடி, இரண்டடி என்று வெட்டுங்கள். 3-க்கு 2 அடியில் நாலு துண்டு, 2-க்கு 2 அடியில் இரண்டு துண்டு கிடைக்கும். தரை, மூடி, முன்சுவர், பின்சுவர், இரண்டு பக்கம். ஒரு துண்டும் மிஞ்சாது. பக்கத் துண்டுகள் இரண்டின் அகலத்திலும் ஓர் அங்குலம் குறைத்துவிடுங்கள். முன்பின் சுவர்களின் கனம் அதில் அடங்கினால்தான் தரைத்துண்டோடு விளிம்பு சேரும். உள்மூலைகளில் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டை நிறுத்தி, ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவில் முடுக்குங்கள். அதைவிட நீளமான ஸ்க்ரூ கட்டையைத் தாண்டி உள்ளே துருத்தினால் நாயைக் கிழிக்கும். ஆணி வேண்டாம், பனியிலும் வெயிலிலும் பலகை இழுத்துச் சுருங்கி இரண்டு மாதத்தில் ஆணி கழன்றுவரும்.

வாசலை மூன்றடி முகத்தின் நடுவில் வெட்டாதீர்கள். ஒரு மூலையிலிருந்து மூன்று அங்குலம் விட்டு, 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். தரையிலிருந்து ஐந்து அங்குலம் மேலே தொடங்க வேண்டும். அந்த வாசற்படிதான் வைக்கோலை உள்ளே நிறுத்தும். நாய் நுழைந்து திரும்பி, மீதி 21 அங்குலச் சுவருக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். காற்று நேராக அதன்மேல் அடிக்காது. வாசல் சின்னதாக இருக்கிறதே என்று பெரிதாக வெட்டச் சொல்லி ஆசாரியிடம் பலர் கேட்பார்கள். தோள் உயரத்தில் முக்கால் பங்கு இருந்தால் நாய் குனிந்து நுழைந்துவிடும். ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி 30 கிலோ நாய்க்கு மட்டும் 4 x 2½ x 2½ அடி வேண்டும். அதற்கு இரண்டு ஷீட் ஆகும்.

இரண்டு பக்கச் சுவரிலும் மூடியை ஒட்டி ஓர் அங்குலத் துளை ஒவ்வொன்று போடுங்கள். இதை விட்டுவிட்டால் நாயின் மூச்சு மூடியின் அடியில் நீராகப் படிந்து விடியலில் சொட்டும். வைக்கோல் மேலிருந்து நனையும். மூடியைத் தூக்கும்போது அடிப்புறத்தில் துளி நின்றால் துளை போதவில்லை என்று பொருள், இன்னொன்று போடுங்கள். மூடியை ஸ்க்ரூ போட்டு மூடிவிடாதீர்கள், கீல் வைத்துத் திறக்கும்படி இருக்கட்டும். வைக்கோல் மாற்ற முடியாத பெட்டி ஒரு மாதத்தில் குப்பைத்தொட்டியாகிவிடும்.

மூடியின் முன்விளிம்பில் மூன்று அங்குலக் கட்டை ஒன்று வைத்து, அதன்மேல் தகரம். முன்னால் நாலு அங்குலமும் மற்ற மூன்று பக்கம் மூன்று அங்குலமும் வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீர் பின்பக்கம் வழியும்படி சரிவாக இருக்க வேண்டும். நெளி தகரமானால் மடிப்பு முன்னிருந்து பின்னாக ஓடட்டும். குறுக்காகப் போட்டால் மடிப்பிலேயே தண்ணீர் நிற்கும். தகரத்துக்கும் மூடிக்கும் நடுவில் பழைய சாக்கு ஒன்றை மடித்துச் செருகுங்கள். சாக்குக்கு நாங்கள் ஒப்பும் ஒரே இடம் இதுதான். மழை தகரத்தில் தடதடவென்று விழும் சத்தத்துக்குப் பயந்தே பல நாய்கள் பெட்டிக்குள் போவதில்லை. பெயின்ட் வெளிப்புறம் மட்டும், அதுவும் ஒரு வாரம் காய்ந்த பிறகே வைக்கோல் போட வேண்டும். மூலைக்கு ஒன்றாக நாலு ஹாலோ பிளாக் மேல் பெட்டியை ஏற்றுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும்.

ஆசாரி வைக்க வசதியில்லாதவர்கள் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம், 200 லிட்டர் அளவு, படுக்கவைத்துப் பயன்படுத்தலாம். இரண்டு பக்கமும் செங்கல் அண்டை கொடுங்கள், உருளக் கூடாது. வாய்ப்பக்கம் முழுதாகத் திறந்திருக்கக் கூடாது. மூடியில் ஓரடி வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பில் பழைய ஹோஸ் பைப்பைக் கீறிச் செருகிவிடுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். தார் டிரம், இரும்பு பேரல், சிமென்ட் பைப் மூன்றும் வேண்டாம்; சூட்டை உடம்பிலிருந்து இழுத்து வெளியே விடும் பொருள்கள் அவை. தெர்மாகோல் பெட்டியை நாய் கடித்துத் தின்னும், மிச்சம் தூளாகிச் சோலையெல்லாம் பறக்கும். பிளாஸ்டிக்கைத் தடுத்திருக்கும் மாவட்டத்தில் நாமே அதைப் பரப்பக் கூடாது.

இனி வைக்கோல். பெட்டியைவிட முக்கியம் இதுதான். வைக்கோல் தாள் உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளலிலும் தாளுக்குத் தாள் இடைவெளியிலும் காற்று நிற்கும். நாய் அதில் குழி பறித்து உள்ளே இறங்கும், மேலும் கொஞ்சம் போர்த்திக்கொள்ளும். போர்வையில் இது நடக்காது. 3 x 2 x 2 அடிப் பெட்டிக்கு முதல் முறை ஐந்து முதல் ஆறு கிலோ, உதிர்த்துப் போட்டு மூன்றில் இரண்டு பங்கு நிரப்ப வேண்டும். 'இவ்வளவா, நாய் எங்கே படுக்கும்?' என்று தோன்றும் அளவு. இரண்டே இரவில் அது பாதியாக அமுங்கிவிடும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றரை, இரண்டு கிலோ சேருங்கள். ஜனவரி தொடக்கத்தில் எல்லாவற்றையும் வாரிவிட்டுப் புதிது போடுங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரு நாய்க்கு இருபது கிலோ போதும்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தவர்கள் கோதுமை வைக்கோல் என்பார்கள். நமக்குக் கிடைப்பது நெல் வைக்கோல். அது கோதுமைத் தாளைவிட மிருது; ஈரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்; பூஞ்சணம் சீக்கிரம் வரும். அதனால் நாம் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தட்டி உதறித் தூசு போக்கிவிட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை கையை முழங்கை வரை வைக்கோலுக்குள் விட்டு, நாய் படுக்கும் இடத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். ஈரமாக இருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ முழுவதும் மாற்றுங்கள். மாட்டுக்குப் போடும் பச்சைப்புல்லைக் காயவைத்து நிரப்புவது உதவாது, அது தண்ணீரைக் குடிக்கும். வைக்கோல் கிடைக்காதபோது நன்றாகக் காய்ந்த பைன் ஊசியிலையும், மரப்பட்டறையில் கிடைக்கும் இழைப்புளிச் சீவலும் சேர்த்துப் போடலாம். நுண்ணிய ரம்பத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் வேண்டாம். அதன் தைலம் நாய்க்கு ஆகாது.

வைக்கோலுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. உங்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏறிய லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு மேலே திரும்பி வருகின்றன. ஒரு சங்கம் ஒரே ஒரு நடை, திரும்பும் லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு டன் வைக்கோல் ஏற்றினால் ஐம்பது நாய்க்கு ஒரு குளிர்காலம் கழியும். தனித்தனியாக ஆளுக்கு ஒரு கட்டு வாங்கலாம் என்றால் யாரும் போகமாட்டோம். கூடலூர்ப் பக்கத்தவர்களுக்கு நெல் அங்கேயே விளைகிறது.

பெட்டியை எங்கே வைப்பது? பள்ளத்தில், ஓடையோரத்தில், நீர்த்தொட்டி பக்கத்தில் வேண்டாம். சரிவில் பத்தடி மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். மரத்தடியோ கூரை இறவாரமோ மேலே இருந்தால் உறைபனி அங்கே இறங்குவது குறையும். காய்கறித் தோட்டத்துக் கொட்டகைச் சுவரை ஒட்டிய இடம் நல்லது. குளிர்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் மழையும் அதோடு சாய்ந்து அடிக்கும். எனவே வாசல் தெற்கு நோக்கி இருக்கட்டும். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பகலில் வாசல் வழியாகக் கொஞ்சம் வெயிலும் விழும்.

ஆனால் நம் மாவட்டத்தில் இதற்கும் மேலே ஒரு கணக்கு இருக்கிறது: சிறுத்தை. தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைக்கு எளிதாகக் கிடைக்கும் இரை கட்டிப்போட்ட நாய்தான். வாசல் காட்டையோ புதரையோ பார்த்திருக்கும் ஒற்றை வாசல் பெட்டி நாய்க்குப் பொறி. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் திசைக்கணக்கை விட்டுவிடுங்கள். பெட்டியை வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில், வாசல் சுவரைப் பார்த்தபடி, நடுவில் இரண்டடி சந்து மட்டும் விட்டு வையுங்கள். சந்தின் ஒரு முனையைப் பலகையால் அடைத்துவிட்டால் காற்றும் அடங்கும், பதுங்கிவரும் வழியும் ஒன்றாகக் குறையும். இதனால் ஆபத்து குறையும், போய்விடாது. கொட்டகைக்கோ வராந்தாவுக்கோ கதவு இருந்தால் இரவில் பெட்டியோடு உள்ளே வைத்து அடைப்பதே சரி. நாலு புறமும் திறந்த தோட்டத்தில், ஆளில்லாத இடத்தில், சங்கிலியில் நாயை இரவு விடுவது காவல் இல்லை. நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

சங்கிலியைப் பற்றி: மூன்றடிச் சங்கிலியில் பெட்டி வைத்துப் பயனில்லை. நாய் உள்ளே நுழைந்து திரும்புவதற்குள் சங்கிலி ஹாலோ பிளாக்கில் சுற்றிக்கொள்ளும். விடிந்து பார்த்தால் பெட்டிக்கு வெளியே, வாசலுக்கு ஓரடி தள்ளி, முறுக்கிய சங்கிலியில் கிடக்கும். பெட்டியை மூலையில் வைத்து, முளையை வாசல் பக்கமாக அடித்து, சங்கிலி பெட்டியைச் சுற்றிவர முடியாதபடி பாருங்கள். இரண்டு முனையிலும் சுழலும் கொக்கி வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே பதினைந்தடி கம்பி கட்டி அதில் வளையம் ஓடவிடுவது இன்னும் நல்லது. இரும்புச் சங்கிலியையே கழுத்தில் பூட்டாதீர்கள். நைலான் அல்லது தோல் பட்டை, இரண்டு விரல் நுழையும் அளவு. காலையும் மாலையும் அவிழ்த்துவிட வேண்டும். ஓடியாடாத நாய்க்கு உடம்பில் சூடு பிறக்காது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவு இதையெல்லாம் குற்றமாகவே எழுதியிருக்கிறது: குட்டையான, கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது, எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாதது, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராதது, காரணமின்றிக் கைவிட்டுப் போவது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெட்டி வைப்பது கருணை என்று பலர் நினைக்கிறீர்கள். அது உரிமையாளரின் கடமை என்று சட்டம் சொல்கிறது.

பெட்டி வைத்தும் நாய் போகவில்லையென்றால் பிடித்துத் தள்ளாதீர்கள். ஏற்கெனவே அது படுக்கும் இடத்துக்கே பெட்டியைக் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்தே இரண்டு நாள் விடுங்கள். வேகவைத்த கோழித்தோல் ஒரு துண்டை வைக்கோலில் புதைத்துவையுங்கள். வாசலுக்குத் திரை வேண்டும் என்றால் பழைய லாரி டியூபை இரண்டு பட்டையாக வெட்டி மேலே மட்டும் அடித்துத் தொங்கவிடலாம், ஆனால் முதல் வாரம் வேண்டாம். இரண்டு நாய் இருந்தால் இரண்டு பெட்டி. ஒன்றில் இரண்டும் படுக்கும் என்று நம்பி விட்டால் பலமுள்ளது உள்ளே, மற்றது வெளியே.

தீனி: 15 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஏறக்குறைய 850 கலோரி. வெளியே படுக்கும் குளிர்காலத்தில் அதற்குமேல் கால் பங்காவது கூட வேண்டும். 200 கிராம் அரிசி, 150 கிராம் கோழிக்கடை ஈரல், தோல், கால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து வேகவைத்தால் கணக்கு சரியாக வரும். எண்ணெயை முதல் நாளே முழுதாக ஊற்றாதீர்கள், வயிறு கலங்கும். சிறு கரண்டியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். வெந்த எலும்பு வேண்டாம். இரவுத் தீனியை மாலை நாலரைக்குள் வையுங்கள். ஜீரணத்தில் பிறக்கும் சூடு முன்னிரவுக்கு உதவும். ஐந்தரைக்குள் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள். மிச்சச்சோறு கரடியையும் காட்டுப்பன்றியையும் அழைக்கும்; பிறகு பழி நாய் மேல் விழும். தண்ணீர்ப் பாத்திரத்தில் காலையில் ஏடுபோல் பனிக்கட்டி நின்றால் உடைத்துக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் குடிக்காத நாய் சரியாகச் சாப்பிடாது.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் இணைசேர்ந்து குளிர்காலத்தில் குட்டி போடுகின்றன. அதாவது மிகக் குளிரான மாதங்களில். பிறந்த முதல் வாரம் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. படுக்கையில் 30 டிகிரி அளவு சூடு வேண்டும், அதைத் தாயின் வயிறுதான் தரும். தாய்க்கு அதே பெட்டி போதும். வாசற்படியை மட்டும் ஏழு அங்குலமாக உயர்த்திவிடுங்கள். வைக்கோலை உதிர்த்து நிரப்பாமல் நாலு அங்குலம் அழுத்திப் பரப்பி, மூலைகளில் மட்டும் குவியுங்கள். ஆழமான வைக்கோலில் குட்டி புதைந்து தாய்க்குத் தெரியாமல் நசுங்கும். தனியாக விறைத்துக் கிடக்கும் குட்டியைக் கண்டால் உடனே பால் ஊற்றாதீர்கள். குளிர்ந்த குட்டிக்கு விழுங்கவும் முடியாது, குடலும் வேலை செய்யாது. பால் நுரையீரலுக்குப் போகும். ஈரத்தைத் துடைத்து, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, முழங்கையில் ஊற்றினால் சுடாத அளவு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாக ஒரு மணி நேரமாவது சூடேற்றுங்கள். குட்டி கத்தி, அசைந்து, வாயால் தேடத் தொடங்கிய பிறகு பால்.

பெரிய நாய் நடுங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நடுக்கம் நின்று, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடந்தால் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். துடைத்து, மார்பையும் வயிற்றையும் முதலில் சூடாக்கி, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பிராந்தி ஊற்றாதீர்கள், தோலடி இரத்தக்குழாய்கள் விரிந்து மிச்சச் சூடும் போய்விடும். நீலகிரித் தைலம் தேய்க்காதீர்கள், நாய் அதை நக்கும், அது விஷம். சொறிநாய்க்குக் கழிவு ஆயில் பூசுவதை அடியோடு விடுங்கள். முடியில்லாத தோலைப் புண்ணாக்கி, நக்கும்போது ஈரலைக் கெடுக்கும். சொறிக்கு மருத்துவர் தரும் மருந்து இருக்கிறது. ஐப்பசிக்குள் கொடுத்தால் மார்கழிக்குள் முடி முளைத்துவிடும். குளிர்காலத்தில் குளிப்பாட்டவும் வேண்டாம். பெட்டிக்குள்ளோ அடைத்த கொட்டகைக்குள்ளோ கரி அடுப்பு, கங்கு வைக்கக் கூடாது; மூடிய அறையில் கரிப்புகை மனிதரையே கொல்வதை இந்த மலையில் எல்லாரும் அறிவோம். வைக்கோலுக்கு மேல் பல்பு தொங்கவிடுவதும் நெருப்பை அழைப்பதுதான்.

காட்டேஜ்காரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. மே மாதக் கூட்டத்தில் விருந்தாளிகள் கொஞ்சவும் படம் எடுக்கவும் வளர்ந்த நாய், நவம்பரில் கேட் சாத்தியதும் உங்கள் படியிலேயே கிடக்கிறது. அது உங்கள் நாய். வாட்ச்மேன் சம்பளக் கணக்கோடு அதன் தீனியையும் எழுதிவையுங்கள். இரவில் வந்து நிற்கும் கார்களின் அடியில் அந்த நாய் சூட்டுக்குப் படுக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் தட்டச் சொல்லி பார்க்கிங்கில் ஒரு பலகை எழுதி வையுங்கள். ரேடியேட்டர் கூலன்ட் சிந்தினால் உடனே மண் போட்டு அள்ளிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும்.

தெருநாய்க்கும் பெட்டி வைக்க விரும்புபவர்கள் இடத்தை நகராட்சி, ஊராட்சியோடு பேசி முடிவு செய்யுங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்குச் சோறு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் படிக்கட்டு, நுழைவாயிலுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பெட்டிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் வேண்டாம். அங்கிருந்து நாய்களை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. பெட்டியில் படுக்கும் நாய் தினமும் ஒரே இடத்தில் இருக்கும்; தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் வலை வீசித் துரத்த வேண்டியதில்லை. வெறிநோய்த் தடுப்புக்காகவே 1907-இல் குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் எழுந்த மாவட்டம் இது. பெட்டி வைக்கும் நாளிலேயே ஊசியும் போட்டுவிடுங்கள். மூடியின் அடியில் தேதியை எழுதிவையுங்கள்.

மாசி முடிந்ததும் பழைய வைக்கோலை வாரித் தேயிலைக்கோ பூச்செடிக்கோ உரக்குழியில் மக்கவிடலாம். கேரட், பீட்ரூட் பாத்திக்குப் போடாதீர்கள், நாய் வயிற்றுப் புழுவின் முட்டை அதில் இருக்கும். குட்டிகள் கழிச்சலில் செத்த பெட்டியின் வைக்கோலை எரித்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் ஓராண்டுக்கு வேறு குட்டியை விடாதீர்கள். மற்றப் பெட்டிகளை வெயிலில் கவிழ்த்து இரண்டு நாள் காயவைத்து, திரும்ப ஏற்றும்போது வாசலைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஆனி பிறந்தால் காற்றும் மழையும் தென்மேற்கிலிருந்து வரும்.

இப்படிக்கு,
உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் நாய்ப்பெட்டி செய்து வைப்பவர்கள்